சாலைக்கும் விரதம் உண்டோ?

கொல்ல வேண்டும் என்ற எண்ணம் சிறிதும் இல்லாத ஒருவரால் ஓர் உயிர் மாய்ந்தால் அது இம்சையாகுமா? இவ்வினாவை நம் முன்னோர் ஏரையும் உரலையும் அடுப்பையும் முன்வைத்து ஆராய்ந்தனர். இன்று காட்டை ஊடறுத்துச் செல்லும் நெடுஞ்சாலையை முன்வைத்து நாம் ஆராய வேண்டியுள்ளது.

கருநாடகத்தின் பந்திப்பூர் தேசியப் பூங்காவினூடே செல்லும் இரு நெடுஞ்சாலைகளில், இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்து 2009ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்டது. நோயாளர் ஊர்திகளுக்கும் சில பேருந்துகளுக்கும் மட்டும் விலக்களிக்கப்பட்டது. 2010இல் அம்மாநில உயர்நீதிமன்றமும் அத்தடையை உறுதிசெய்தது. நம் மாநிலத்தில், சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் நடுவே பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகளோடு திம்பத்துக்கு ஏறும் சாலைக்கும் அத்தகைய தடை உண்டு. ஈரோடு மாவட்ட ஆட்சியர் 2019இல் பிறப்பித்த அவ்வாணை, சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பின்னரே 2022 பிப்ரவரியில் செயலுக்கு வந்தது. அதற்குள் மான்களும் சிறுத்தைகளும் பல அச்சாலையில் அடிபட்டு மாண்டன.

அங்கு வண்டி ஓட்டிய எவரும் மானைக் கொல்லப் புறப்பட்டவர் அல்லர். ஆயினும் நம் அறம் எண்ணத்தை மட்டும் கொண்டு இம்சையை அளப்பதில்லை. விழிப்பின்மையால் உயிருக்கு ஊறு நேர்வதும் இம்சையே என்பது தத்துவார்த்த சூத்திரம் காட்டும் நெறி. அதனாலன்றோ நம் முனிவர்கள் ஈரியா சமிதியை மேற்கொண்டு, முன்னே நான்கு முழம் நிலத்தை நோக்கியவாறு பகலொளியில் மட்டும் நடக்கின்றனர்! சிற்றுயிர்கள் பெருகும் மழைக்காலத்தில் ஓரிடத்திலேயே தங்குகின்றனர். காண இயலாத வேளையில் நடவாமை அவர்தம் விரதம். காட்டுச் சாலையை இரவில் மூடுவது அதே நெறி உலகியலில் கொண்ட வடிவம் என்க.

சாலையைப் பேணுவதிலும் இவ்விழிப்பு வேண்டும். பள்ளங்களை நிரப்பிச் சமப்படுத்துதல் நற்பணியே. ஆனால் வேகத்தடை அமைக்காது விட்டால் அந்நற்பணியே வேகத்தைப் பெருக்கி உயிர்களை மாய்க்கும். ஓரத்துப் புதர்களை வெட்டினால் ஓட்டுநருக்குப் பார்வை தெளியும். வெட்டிய இடத்தில் தளிர்க்கும் இளம்புல்லோ மான்களைச் சாலையோரத்துக்கு அழைக்கும். எனவே ஒரு செயலின் பயனை மனிதர் பக்கத்திலிருந்து மட்டும் நோக்கலாகாது. பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிய 44ஆம் தேசிய நெடுஞ்சாலையில், விலங்குகள் அடியில் கடந்து செல்லுமாறு சாலையைப் பல இடங்களில் பாலங்களாக உயர்த்தினர். அவற்றுள் சில 750 மீட்டர் நீளமுடையவை. புலிகளும் அவ்வழியே செல்வதைக் கேமராக்கள் பதிவு செய்துள்ளன. செலவு மிகுந்தது, எனினும் இயலாததன்று.

இனி மறுபக்கத்தையும் காண்போம். திம்பத்துக்கு அப்பால் உள்ள தாளவாடி மலைப்பகுதி உழவர்கள், விளைந்த காய்கறி உரிய நேரத்தில் சந்தைக்குச் சேராது என்று 2022இல் போராடினர். பின்னர் உள்ளூர் மக்களுக்குத் தளர்வுகள் அளிக்கப்பட்டன. அவர்களது துயரை உயிர்களின் பகை என்று ஒதுக்குவது அநேகாந்தம் கற்ற நமக்கு அழகன்று. விரதம் ஏற்பவர் ஒருவர், பசி தாங்குபவர் மற்றொருவர் என்றால் அங்கே அறம் எங்ஙனம் நிற்கும்?

விரதத்தின் சுமை அனைவர்க்கும் உரியது. பென்னலூரை ஒட்டிச் செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் சரக்கு லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதிகளை நம்பி வாழும் நம் குடும்பங்களுக்குச் சாலை சோறிடுகிறது. சாலையே கூடாது என்று நாம் கூற இயலாது. இல்லறத்தார்க்குத் தொழில்வழி இம்சை முற்றும் நீங்குவதில்லை. ஆனால் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில் என்று கற்றவர் நாம். சரக்கு நாளைக் காலையே வேண்டும் என்று வற்புறுத்துபவர், இரவில் வண்டியை விரைவாக ஓட்டச் செய்விப்பவர் ஆகிறார். காரணம் கேளாது அதனைப் பெற்று மகிழ்பவர் உடன்படுபவர் ஆகிறார்.

ஆதலின் வணிகம் புரிவோர், காட்டுவழி வரும் சரக்குக்கு ஒரு நாள் தவணை கூட்டித் தருக. தாமதத்துக்காக ஓட்டுநரின் கூலியைக் குறையாதிருக்க. உழவர்க்கு நேரும் நட்டத்தில் ஒரு பங்கை விலையில் ஏற்க. மலைப்பயணம் செல்வோர் பொழுது சாயுமுன் காட்டைக் கடக்க. கருணை என்று எண்ணிச் சாலையோரக் குரங்குகளுக்குத் தின்பண்டம் வீசாதிருக்க. அவ்வீச்சே அவற்றைச் சக்கரத்தின் அடியில் சேர்க்கும்.

இரவுணவை நீத்து உயிர்களைக் காக்கும் மரபில் வந்த நமக்கு, இரவுப் பயணத்தைச் சில காதம் நீத்தல் அரிதோ? சிந்திப்போமாக.