மாமன்றத்தின் தராசு

1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலையிலும் கிணற்றிலும் குளத்திலும் யாரையும் தடுக்கக்கூடாது என்றது. நான் கேட்பது அடுத்த கேள்வி: பொதுப்பணத்தை எங்கே செலவிடுவது?

சென்னையில் பூங்காவுக்கு இடம் எப்படி வருகிறது? 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனை பிரித்தால், சாலை போக 10 சதவீதத்தைப் பொதுவுக்கு விடணும். நல்ல விதிதான். ஆனா சேரியை எவன் மனை பிரிச்சான்? அங்கே விட்டுக்கொடுக்க இடமில்லை. இடமில்லாததால் பூங்கா இல்லை. பூங்கா இல்லாததால் பராமரிப்புப் பணமும் இல்லை. மாமன்றத்தில் எந்தக் கவுன்சிலரும் சாதி பேச வேண்டியதில்லை. விதியே பேசிவிடுகிறது.

இருக்கிற பூங்காக்களுக்குச் சமமாகப் பங்கு வைத்தோம் என்றால், அது இருக்கிறவனுக்குள்ளே வைத்த பங்கு. அது எப்படிச் சமத்துவம் ஆகும்? தோட்டமுள்ள வீட்டுக்காரருக்குப் பூங்கா காத்து வாங்குற இடம். பத்துக்குப் பத்து அறையில ஆறு பேர் படுக்கிற குடும்பத்துக்கு அது இன்னொரு அறை: புள்ளைங்க படிக்க, பொம்பளைங்க உக்காந்து பேச.

எனவே வீடு எங்கே சிறுசோ, அங்கேதான் முதல் ரூபாய் போகணும் என்கிறேன். இடமில்லையா, வாங்கட்டும். பாலத்துக்கும் ரோட்டுக்கும் நிலம் எடுக்கத் தெரிந்த அரசுக்கு, எங்க புள்ளைங்க பந்து விளையாட எடுக்கத் தெரியாதா?