உறுமாத ரேடியோ

"அப்பாவோட வால்வு ரேடியோ ஒண்ணு பரண்ல கிடக்கு. பாட வைக்க முடியுமான்னு பாருங்களேன்" என்று நண்பர் கேட்டபோது, யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன். அதுவரை நான் ரிப்பேர் பார்த்த ஒரே மின்சாதனம் அயர்ன் பாக்ஸ். படித்தது பி.காம். இந்த இரண்டு தகுதிகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை சடையங்குப்பம் கிளம்பினேன்.

கண்டெய்னர் லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டுப் போய்ச் சேர வேண்டிய ஊர் அது. பூண்டி ஏரியைத் திறந்தால் கொசஸ்தலை ஆறு வீட்டுக்குள் வந்து விசாரித்துவிட்டுப் போகும். 2015-ல் வந்தது, 2021-லும் வந்தது. அங்கே பர்மா நகர் என்றே ஒரு பகுதி உண்டு. 1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்து, அடுத்த இரண்டு வருடங்களில் கடைகளையெல்லாம் அரசுடைமை ஆக்கியபோது, கையில் கிடைத்ததோடு கப்பலேறிய தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மெட்ராஸில் வந்து இறங்கினார்கள். நண்பரின் அப்பாவும் அப்படி வந்தவர்தான். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர் இங்கே வாங்கிய முதல் 'சொத்து' இந்த ரேடியோ. மூர் மார்க்கெட்டில், செகண்ட் ஹாண்டில்.

பழைய ரேடியோ கிடைத்தால் எல்லோரும் முதலில் செய்வது ப்ளக்கை மாட்டுவது. அதைத்தான் செய்யக்கூடாதாம். உள்ளே இருநூறு வோல்ட்டுக்கு மேல் டி.சி. ஓடும். மெழுகு பூசிய பேப்பர் கண்டென்சர்கள் வயதானால் கசிய ஆரம்பிக்கும். ஒரே ஒரு கண்டென்சர் கசிந்தால் போதும், கடைசி வால்வு அளவுக்கு மீறி கரண்ட்டைக் குடித்து, தானும் செத்து, இப்போது தேடினாலும் கிடைக்காத டிரான்ஸ்ஃபார்மரையும் கூட அழைத்துப் போய்விடும். அதனால் லைனில் ஒரு குண்டு பல்பை சீரியஸாகப் போட்டுத்தான் சோதிக்க வேண்டும். பல்பு பளீரென்று எரிந்தால் உள்ளே ஷார்ட். எனக்குப் பளீரென்றுதான் எரிந்தது.

பின்பக்க அட்டையைக் கழற்றினேன். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பாக்கெட் சில்வர் பேப்பர்! (இத்தனை வருடம் வீடு எரியாமல் இருந்தது முருகன் அருள்.) அட்டையின் உள்பக்கம் பென்சிலில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல். வால்வு மாற்றியது, வயர் மாற்றியது, ஒவ்வொன்றுக்கும் தேதி. பர்மாவில் கடைக்கணக்கு எழுதிய கை அல்லவா.

ரிச்சி தெருவில் புதுக் கண்டென்சர்கள் வாங்கினேன். மூன்று ஞாயிறு, இரண்டு கொப்புளம். இதில் ஒரு வித்தை கற்றுக்கொண்டேன். பழைய கண்டென்சரின் மெழுகைச் சூடாக்கி, உள்ளே இருப்பதை உருவிவிட்டு, அந்தக் கூட்டுக்குள் சின்னதாகப் புதுசைச் செருகி, மறுபடி மெழுகால் மூடிவிடுவது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் அந்தக் காலத்துச் சரக்கு. உலகம் முழுக்க ரேடியோ பிரியர்கள் செய்கிற வேலைதான். எனக்கும் பெருமையாக இருந்தது. பின் அட்டையை மூடப் போகும்போதுதான் அந்தப் பென்சில் பட்டியல் உறுத்தியது. காமர்ஸில் இதற்குப் பெயர் 'விண்டோ டிரஸ்ஸிங்'. நிலைமையை அழகாகக் காட்டுவதற்காகக் கணக்கை அலங்கரிப்பது. அவர் செய்தது சில்வர் பேப்பர் வைத்தியம்தான். ஆனால் மாற்றியதை மாற்றினேன் என்று எழுதி வைத்தார். நான் முறையான வைத்தியம் செய்துவிட்டு அதை மறைத்திருக்கிறேன்.

சரி, அது என் மனசாட்சிப் பிரச்னை. நிஜமான சிக்கல் ரேடியோ பாடிய பிறகு வந்தது.

வால்வுகள் சூடேற அரை நிமிஷம். மீடியம் வேவில் செய்தி வாசிக்கும் குரல், கண்ணாடி மாதிரி சுத்தமாக வந்தது. நண்பர் கைதட்டினார். அவருடைய அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல். கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டார்.

"ஏன் தம்பி, உர்ர்ருனு ஒரு சத்தம் வருமே, அது எங்க?"

"அது ரிப்பேர்மா. சரி பண்ணிட்டேன்."

"அவுரு பக்கத்துல காத வச்சுட்டு உக்காந்திருப்பாரு. அந்தச் சத்தத்தோடதான் கேப்போம். இது வேற யாரு ரேடியோவோ மாதிரி இருக்கு."

அந்த உறுமல் என்னவென்று எனக்குத் தெரியும். பவர் சப்ளையில் இருக்கும் பெரிய கண்டென்சர் உலர்ந்துபோனால், நம் ஐம்பது சைக்கிள் கரண்ட் இரட்டிப்பாகி நூறு சைக்கிள் முனகலாக ஸ்பீக்கரில் கேட்கும். கம்பெனியிலிருந்து வெளிவந்த அன்று அந்தச் சத்தம் கிடையாது. நான் அந்த நாளுக்குக் கொண்டுபோய்விட்டேன். ஆனால் அந்த நாளில் இந்த ரேடியோ இந்த வீட்டிலேயே இல்லையே!

தீசியஸின் கப்பலை ஏதென்ஸ்காரர்கள் பலகை பலகையாக மாற்றிக்கொண்டே வந்தார்கள், அது பழைய கப்பல்தானா என்று தத்துவவாதிகள் சண்டை போட்டார்கள் என்கிறார் புளூட்டார்க். காசிமேட்டு மீனவரிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். கட்டுமரத்தைக் கரையேற்றிக் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயப்போட்டு, மறுநாள் மறுபடி கட்டுவார்கள். தினமும் பிரிகிற படகு, தினமும் அதே படகு. அவருக்கு அது கேள்வியே இல்லை, ஏனென்றால் கட்டுகிற கை அவருடையது. கூட வாழாத எவனோ வந்து கட்டும்போதுதான் கேள்வி வருகிறது. இந்த வீட்டில் அந்த எவனோ நான்தான். வேலையில் இறங்குவதற்கு முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவே இல்லை. ரேடியோவுக்குத்தான் உடம்பு சரியில்லை, அதைத்தானே பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

"பழச திரும்பப் போட முடியாதா?" என்றார்.

போடலாம். சூடேறி என்றாவது ஒரு நாள் வெடிக்கும், டிரான்ஸ்ஃபார்மரும் போகும் என்று சொன்னேன். அதற்கு மேல் அவர் வற்புறுத்தவில்லை.

தீசியஸ் கதைக்கு ஹாப்ஸ் ஒரு வால் சேர்த்தார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் எடுத்து வைத்து அவற்றாலேயே ஒரு கப்பல் கட்டினால், எது நிஜம்? நான் கழற்றியவை ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. பெரிய கண்டென்சர், உருவிய பேப்பர் சுருள்கள், அந்தச் சில்வர் பேப்பர். குப்பையில் போடத்தான் எடுத்து வைத்திருந்தேன்.

அம்மா டப்பாவை வாங்கி, சில்வர் பேப்பரை மட்டும் எடுத்து நீவிப் பார்த்தார். "சீசர்ஸ்தான் குடிப்பாரு" என்றார். மூடி, ரேடியோவுக்கு மேலே வைக்கச் சொன்னார்.

அட்டையை மாட்டுவதற்கு முன் பென்சில் கேட்டேன். பட்டியலின் அடியில், கண்டென்சர்கள் மாற்றியது, பழைய கூட்டுக்குள் புதுசு, என்று தேதியோடு எழுதினேன். என் கையெழுத்து அவருடையதைப்போல அவ்வளவு பொடியாக வரவில்லை.