உயிர் காக்கும் அறிவு யாருடைய உடைமை?

சென்ற காலபோகத்தின்போது நம் வகுப்பு மாணவன் ஒருவனின் தகப்பனாரை இரவில் விரியன் தீண்டியது. பன்றிக் காவலுக்குப் போனவர், வயற்கொட்டிலில் வெறுநிலத்திற் பாய்விரித்துப் படுத்திருந்தார். அயலவர் ஓடிவந்து காலிலே கயிற்றை இறுகக் கட்டினர். சவர அலகினாற் கடிவாயைக் கீறினர். பரிகாரியாரிடம் கொண்டுசென்று பார்வை பார்த்த பின்னரே ஆசுபத்திரிக்கு ஏற்றினர். மனிதர் பிழைத்துக்கொண்டார். ஆயினும் கயிறு இறுகிய இடம் புண்ணாகி ஆறுவதற்கு மாதங்கள் சென்றன. செய்தவை யாவும் அன்பினாற் செய்யப்பட்டவையே. ஆனால் கட்டும் கீறலும் தீங்கையே விளைத்தன. பார்வை பார்த்ததில் விலைமதிப்பற்ற நேரம் கழிந்தது.

பள்ளிக்குத் திரும்பிய மாணவன் நம்மிடம் கேட்டான்: "கட்டக் கூடாது, கீறக் கூடாது எண்டு டொக்டர்மாருக்கு முதலே தெரியுமாம், சேர். பிறகேன் எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

நாம் தமிழ் கற்பிப்பவர். வைத்தியம் கற்பிப்பவர் அல்லர். ஆயினும் இக்கேள்வி வைத்தியத்தைப் பற்றியதன்று, நீதியைப் பற்றியது. ஓர் உயிரைக் காக்கவல்ல செய்தி ஒருவனுக்குத் தெரிந்திருக்கையில், அதனை அறியாது மற்றவன் மடிவானாயின், அச்செய்தியை வைத்திருந்தவனுக்கு அதிற் பொறுப்பு உண்டா, இல்லையா?

நம் பரிகாரிமாரின் மரபை முதலிற் பார்ப்போம். விஷகடி வைத்தியம் தகப்பனிடமிருந்து மகனுக்கு ஏட்டுச்சுவடியாய் இறங்கியது. வெளியாருக்குச் சொன்னால் மந்திரம் பலியாது என்பது நம்பிக்கை. குடும்பத்தின் சோறு அந்த ஏட்டில் இருந்தமையால் ஏடு பெட்டிக்குள் இருந்தது. நாம் அவர்களைப் பார்த்து நகைக்கிறோம். நகைக்குமுன் இன்றைய விஞ்ஞான உலகின் பெட்டிகளையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நன்று.

மருத்துவ ஆராய்ச்சிக்கு வேண்டிய பணத்தில் ஒரு கணிசமான பகுதி பொதுமக்களின் வரிப்பணமும் அறநிதிகளுமே. ஆராய்ச்சிக்கு உடலைக் கொடுப்பவர் நோயாளர். ஆய்வுக் கட்டுரையை எழுதுபவர் அதற்காகப் பதிப்பகத்திடம் கூலி பெறுவதில்லை. சரிபிழை பார்க்கும் அறிஞரும் பெறுவதில்லை. இத்தனைக்கும் பின்னர், முடிந்த கட்டுரை பதிப்பகத்தின் சரக்காகி, எழுதியவரின் பல்கலைக்கழகத்துக்கே விலைக்கு விற்கப்படுகிறது. எல்செவியர் என்ற பெரும் பதிப்பகத்தை உடைய நிறுவனம், தன் விஞ்ஞான மருத்துவப் பிரிவின் வருமானத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இலாபமாகக் காட்டிவந்துள்ளது. பரிகாரியார் தம் ஏட்டைப் பூட்டிவைத்து இத்தகைய இலாபம் கண்டதில்லை.

பூட்டிய பெட்டியின் விலை என்ன என்பதை 2015இல் மேற்கு ஆபிரிக்கா உலகுக்கு உணர்த்தியது. எபோலா நோய் லைபீரியாவில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்தபோது, இந்நோய் இந்நாட்டிற்கு வருமென யார் கண்டார் எனப் பலரும் வியந்தனர். கண்டவர் இருந்தனர். 1982இலேயே ஐரோப்பிய ஆய்வாளர் சிலர், லைபீரிய மக்களின் இரத்தத்தைச் சோதித்து, அந்நாட்டையும் எபோலா உறையும் வலயத்திற் சேர்க்க வேண்டுமென்றும், அங்குள்ள மருத்துவப் பணியாளர் விழிப்பாயிருக்க வேண்டுமென்றும் எழுதியிருந்தனர். எழுதியது ஐரோப்பிய ஏடொன்றில். லைபீரியாவின் சுகாதார அதிகாரிகளே பின்னர் இதனை வெளியிட்டுரைத்தனர்: அத்தகைய கட்டுரை ஒன்றைப் பெற 45 டொலர் வேண்டும், அது அந்நாட்டு வைத்தியர் ஒருவரின் ஏறத்தாழ அரைவாரச் சம்பளம். இரத்தம் லைபீரியருடையது, எச்சரிக்கை லைபீரியருக்கானது, எனினும் அது லைபீரியரைச் சென்றடையவில்லை.

இதற்கு மாறான ஓர் உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. பாம்பு விஷத்துக்கான முறிவு மருந்து இந்தியாவிற் குதிரைகளின் இரத்தத்திலிருந்து செய்யப்பட்டு இங்கு வருகிறது. உயிர் காக்கும் அதே மருந்து, பலருக்குக் கடும் ஒவ்வாமையையும் உண்டாக்கும். இதனைத் தடுப்பது எப்படியென இலங்கை மருத்துவர் 1,007 நோயாளரிடம் ஆராய்ந்தனர். மருந்துக்கு முன்னர் சிறிதளவு அட்ரினலின் செலுத்தினாற் கடும் ஒவ்வாமை பெரிதுங் குறையும் என்பதும், வழக்கமாய்க் கொடுக்கப்பட்டுவந்த வேறிரு மருந்துகள் பயன்படவில்லை என்பதும் தெளிந்தன. 2011இல் இம்முடிவு வெளியானது, எவரும் காசின்றி வாசிக்கத்தக்க 'பிளொஸ் மெடிசின்' என்னும் ஏட்டில். உலகெங்கும் பாம்புக்கடியால் ஆண்டுதோறும் குறைந்தது 20,000 பேர் மடிவர் எனக் கணித்த களனிப் பல்கலைக்கழகத்தாரின் ஆய்வும் 2008இல் அதே ஏட்டில்தான் வந்தது. கடிபட்டவர் பெரும்பாலும் உழவர்; அவர் உடலிற் கற்ற பாடம் இந்தியாவின் சிற்றூர் வைத்தியனுக்கும் ஆபிரிக்க வைத்தியனுக்கும் மறுநாளே எட்டியது. கடன்பட்டவன் கடனைத் திருப்பிக் கொடுத்தது போன்றது இது, கொடை அன்று.

மறுப்போர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஏடு நடத்தப் பணம் வேண்டும். வாசகன் கொடாவிடின் வேறு யாரோ கொடுத்தாக வேண்டும். இன்று பல திறந்த ஏடுகள் அச்சுமையை எழுதுபவர் தலையிலே ஏற்றுகின்றன. ஒரு கட்டுரைக்கு ஆயிரக்கணக்கான டொலர். வறிய நாட்டு ஆய்வாளன் முன்னர் வாசிக்க முடியாதவனாயிருந்தான். இப்போது எழுத முடியாதவனாகிறான். சில ஏடுகள் சலுகை தருகின்றன என்பது மெய். ஆனால் சலுகை உரிமையாகாது. இதற்கு முடிந்த விடை நம்மிடம் இல்லை. அரசுகளும் பல்கலைக்கழகங்களும் ஏடுகளைத் தாமே பொதுச்செலவில் நடத்துவதே நேரிய வழியென நமக்குத் தோன்றுகிறது. ஒன்றை மட்டும் துணிந்து கூறுவோம்: 2020இற் கொரோனா பரவியபோது, பெரும் பதிப்பகங்கள் அந்நோய் பற்றிய கட்டுரைகளையெல்லாம் இலவசமாகத் திறந்துவிட்டன. செல்வ நாடுகளும் நடுங்கிய நோய் அது. உயிர் போகும் வேளையிற் கதவு திறக்கப்பட வேண்டும் என்பதை அன்று அவர்களே ஒப்புக்கொண்டனர். நிலத்திலே படுப்பவனை மட்டும் தேடிவரும் சாவுக்கு அந்த நியாயம் ஏன் பொருந்தாது?

இந்த ஊரில் இருந்துகொண்டு இதனை நிதானமாய் எழுதுவது எளிதன்று. 2009 பெப்ரவரியிற் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை மீதே எறிகணைகள் வீழ்ந்தன. குருதி கொட்டுவோரைக் கையிலிருந்த சொற்ப மருந்துகளோடு காக்க முயன்றவர்களை நம் மக்கள் மறவார். அறிவு மட்டும் அன்று எவரையும் காத்துவிடும் என்று கூற நாம் பேதையர் அல்லேம்.

இன்னுமொரு பூட்டு உளது, அது மொழி. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் நம்மவருக்கு மேலை வைத்தியம் கற்பித்தார். ஆங்கிலத்தில் தொடங்கியவர், 1860களில் தமிழிலேயே கற்பிக்கலானார். 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' எனப் பெருநூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். அவர் வந்தது மதம் பரப்பவே. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கிராமத்து நோயாளியின் மொழியில் வைத்தியம் இருக்க வேண்டுமென்பதை நம் படித்த வர்க்கத்துக்கு முன்னரே அவர் உணர்ந்தார். உத்தியோகத்தைத் தந்தது ஆங்கிலமாதலால், அவர் போன பின் அம்முயற்சி தொடரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட பாம்புக்கடி வழிகாட்டியை இன்று எவரும் இலவசமாகப் பெறலாம். திறந்துதான் கிடக்கிறது, ஆங்கிலத்திற் கிடக்கிறது.

ஆகவே மாணவனின் கேள்விக்கு நாம் வேறு விடை தேடவில்லை. விஞ்ஞான ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு, அவ்வழிகாட்டியின் முதலுதவிப் பகுதியை மாணவரும் நாமுமாய் ஒரு பக்கத் தமிழில் எழுதினோம். தாதியர் ஒருவர் திருத்தித் தந்தார். 'அசையாது வைத்தல்' என்பதா, 'ஆடாமல் வைத்தல்' என்பதா என்று ஒரு பாடவேளை முழுதும் வாதம் நடந்தது, பின்னதே வென்றது. முதற் பிரதியைப் பரிகாரியாரிடமே கொண்டுசென்றோம். சினப்பாரோ என்று அஞ்சினோம். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, இருமுறை வாசித்தார்.

"இதில இன்னும் ரெண்டு தாங்கோ மாஸ்டர். ஒண்டை வாசலில ஒட்டுவம். இரவில கொண்டு வாறவை அதைப் பாத்திட்டு நேரா ஆசுபத்திரிக்குப் போகட்டும்" என்றார்.