கையெழுத்துப் போடும் கட்டம்

மதிப்பெண் அட்டையில் ‘பெற்றோர் கையொப்பம்’ என்று ஒரு கட்டம் உண்டு. இருபது வருஷம் வாத்தியார் வேலை பார்த்தும் நான் அதை நின்று பார்த்ததில்லை. ஏழாம் வகுப்பில் ஒரு பையன் அதை மட்டும் காலியாகவே கொண்டு வந்தான். குழந்தைகள் இல்லத்துப் பிள்ளை. கேட்டால் வார்டன் போட்டுக் கொடுப்பார். ஆனால் அந்த வார்த்தைக்குக் கீழே அவர் பெயரைப் பார்க்க அவனுக்கு மனசு வரவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்து இரண்டு நாள் அவனை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன்.

“ஹோம் பசங்க எல்லாம் எழுந்திருங்க” என்று கணக்கெடுப்பதும் எங்களுக்குப் பழக்கம்தான். அதற்குப் பிறகு கிடைக்கும் நோட்டு, பை எல்லாம் நல்லவைதான். நாற்பது பேர் பார்க்க எழுந்து நிற்பதுதான் அவற்றுக்கு அந்தப் பிள்ளைகள் கொடுக்கும் விலை. பெயர்ப்பட்டியல் அலுவலகத்திலேயே இருக்கிறது, எடுத்துப் பார்த்தால் போதும்.

மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். குழந்தைகள் நலக் குழுவின் ஆணையோடு ஜனவரியில் ஒரு பிள்ளை வந்தால் சேர்த்துக்கொள்கிறோம். ஆனால் பழைய பள்ளியில் பின்னம் இன்னும் தொடங்கியிருக்காது, இங்கே முடித்தாகிவிட்டது. இடையில் விழுந்த அந்தப் பாடம் பத்தாம் வகுப்பில் கணக்குத் தோல்வியாக வந்து நிற்கும். பழைய வகுப்பாசிரியருக்கு ஒரு போன் போட்டு, எதுவரை நடத்தினீர்கள் என்று கேட்க எத்தனை நிமிஷம் ஆகும்?

பிளஸ் டூவில் சிக்கல் வேறு. 18 வயது முடிந்தால் இல்லத்தை விட்டு இறங்க வேண்டும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அதற்குப் பின்னும் 21 வயதுவரை பிற்காப்புக்கு வழி வைத்திருக்கிறது. யாராவது கேட்டு வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான். பரீட்சை முடிந்தால் எங்கே படுப்பது என்ற யோசனையோடு வேதியியல் படிக்கிறவளிடம் ‘கவனமாகப் படி’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. பிற்காப்பு கேட்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தலைமையாசிரியர் எழுதும் கடிதம் ஜூனிலேயே போக வேண்டும். மார்ச்சில் எழுதினால் அது வெறும் அனுதாபம்.

அடுத்த பருவத்தில் வகுப்பின் எல்லா அட்டைகளிலும் அந்தக் கட்டத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, ‘பார்த்தவர்’ என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாளே அந்த ஏழாம் வகுப்புப் பையன் கையெழுத்தோடு கொண்டு வந்தான். வார்டனுடையது இல்லை. இல்லத்துச் சமையல்கார அம்மா, எழுத்துக்கூட்டித் தன் பெயரை முழுசாக எழுதியிருந்தார்.