கடதாசியும் கணக்கும் விதியும்

கண்டி நகரிலும், அதனைச் சூழ்ந்த தோட்டப் புறங்களிலும், பேராதனை மாணவர் விடுதிகளிலும் ஆடப்படும் கடதாசி விளையாட்டுகளுள் முந்நூற்று நான்கு தலையாயது. இருவர் இருவராகக் கூடி நால்வர் ஆடும் இவ்வாட்டத்திற்கு 32 கடதாசிகள் வேண்டும். ஜாக்கிற்கு 30 புள்ளிகள், ஒன்பதிற்கு 20, ஏஸிற்கு 11, பத்திற்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் மதிப்பற்றவை. ஆகவே ஓரினத்திற்கு 76, நான்கு இனங்களுக்கும் 304. ஆட்டத்தின் பெயர்க் காரணமும் இதுவே.

முதலில் ஆளுக்கு நான்கு கடதாசிகளே பகிரப்படுகின்றன. அந்நான்கை மட்டும் நோக்கி ஒருவன் தொகை கேட்டு, துரும்பைத் தெரிந்து கவிழ்த்து வைத்தல் வேண்டும். பாதியை அறிந்து முழுமைக்கும் பொறுப்பேற்றல் என்னும் இந்நிலையே இவ்வாட்டத்தை மெய்யியலாரின் கவனத்திற்குரியதாக்குகின்றது.

நான்கு கடதாசிகள் 35,960 வகையாக ஒருவன் கைக்கு வரலாம். அவற்றுள் 20,475 வகைகளில் ஜாக் ஒன்றேனும் இராது. எனவே முதற் பகிர்வில் ஜாக் கிட்டும் நிகழ்தகவு நூற்றுக்கு 43 அளவினது. ஒருவனிடம் துரும்பு ஜாக் உண்டு, துரும்பு ஒன்பது இல்லை எனக் கொள்க. அவன் காணாத கடதாசிகள் 28. அவற்றுள் நான்கு அவனையே வந்தடையும். கூட்டாளிக்கு எட்டு, எதிராளிகள் இருவருக்கும் பதினாறு. ஆகவே அவ்வொன்பது தன் பக்கம் சேரும் நிகழ்தகவு ஏழில் மூன்று. (எதிராளி தயங்கித் தொகை கேட்பதும், கேளாது விடுவதும் இக்கணக்கை மாற்றும் என்பதைத் தேர்ந்த ஆட்டக்காரர் அறிவர், பாடநூல்கள் அதனைப் பெரிதும் பேசுவதில்லை.)

இந்த ஏழில் மூன்று எங்கே உள்ளது? கட்டு கலைக்கப்பட்டு வெட்டப்பட்டுவிட்டது. ஒன்பது தனக்குரிய இடத்தில் ஏற்கெனவே கிடக்கின்றது. அது யாரிடம் செல்லும் என்பதும் முடிந்த காரியம். பின்னம் கடதாசியில் இல்லை. பார்ப்பவனின் அறியாமையிலேயே உள்ளது. நிகழ்தகவினை அறிவுக் குறைவின் அளவாகக் கண்ட லாப்லாசின் கருத்தும் இதனோடு ஒட்டியதே. எனினும் அது வெறும் மனப்போக்கு அன்று. அதனை ஏழில் ஆறு என்று கருதி ஆடுபவன் தவறிழைக்கின்றான். ஒன்பது தற்செயலாக வந்து அவன் வென்றாலும் அது தவறே. அறியாமைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு.

உலகியலோ இதற்கு உடன்படுவதில்லை. சரியாகக் கணித்துத் தோற்றவனைக் கூட்டாளி கடிந்துகொள்கின்றான்; கண்மூடித்தனமாகக் கேட்டு வென்றவன் கெட்டிக்காரன் எனப்படுகின்றான். 1976இல் பேர்ணாட் வில்லியம்சும் தோமஸ் நேகலும் ‘ஒழுக்க அதிர்ஷ்டம்’ பற்றி எழுப்பிய வினா இத்தகையதே: தன் வசத்தில் இல்லாத விளைவுக்காக ஒருவனைப் புகழ்வதும் இகழ்வதும் எங்ஙனம் முறையாகும்?

இந்திய மரபு இவ்வினாவை அறியாததன்று. பாரதத்தின் நளன் கதையில், இருதுபன்னன் தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் கிளைகளைக் கொண்டே மதிப்பிட்டுக் கூறுகின்றான். நளன் எண்ணிப் பார்த்துச் சரியெனக் காண்கின்றான். அக்கணித நுட்பத்தைப் பெற்ற பின்னரே கலி அவனை விட்டு நீங்குகின்றது. விதியின் பிடி தளர்வது தவத்தினாலன்றிக் கணக்கினால் என்பது சிந்திக்கற்பாலது.

ஆயினும் கணக்கு எட்டாத ஓரிடம் ஆட்டத்திலேயே உண்டு. எந்தக் கடதாசி எவன் கைக்கு வரும் என்பது தற்செயல். ஜாக்கிற்கு 30, ராசாவுக்கு 3 என்பதோ தற்செயல் அன்று. அது மாந்தர் வகுத்த விதி. வேறோர் ஆட்டத்தில் ராசா ஜாக்கை வெல்வான். ‘எழுதிய விதி’, ‘ஆட்ட விதி’ என இரண்டையும் ஒரே சொல்லாற் சுட்டும் தமிழ் இங்கே ஒரு குழப்பத்திற்கும் இடந்தருகின்றது. ‘எனக்கு விழுந்த கை இது’ என்று ஒருவன் நொந்துகொள்ளும்போது, விழுந்ததையும் வகுத்ததையும் அவன் பிரித்து நோக்குவதில்லை.

மலையகத்தின் அண்மை வரலாற்றில் இப்பிரிப்பு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. கலகா, தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்டங்களின் லயங்களில் ஒரு குழந்தை பிறந்தமை அதன் தேர்வு அன்று. அதனைப் பகிர்வு எனலாம். ஆனால் அவ்வாறு பிறந்தோருட் பெரும்பாலார் நாடற்றோராயினமை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் விளைவு. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்தன. முதற் பங்கீட்டின் விகிதம் ஏழுக்கு நான்கு.

அவ்விகிதத்தைக் கொண்டு, லயத்தில் வாழ்ந்த ஒருவர் இங்கேயே இருக்கும் நிகழ்தகவு பதினொன்றில் நான்கு என ஒரு மாணவன் எழுதலாம். கூட்டல் வகுத்தலிற் பிழை இராது. ஆனால் அக்கணக்குப் பொருந்த வேண்டுமாயின், கட்டு கலைக்கப்பட்டிருத்தல் வேண்டும். பகிர்பவன் முகம் பாராது பகிர்ந்திருத்தல் வேண்டும். இங்கே தொகை முதலில் முடிவாயிற்று; மனிதர் பின்னர் அதற்குள் அடக்கப்பட்டனர். இலங்கைக் குடியுரிமை கோரி விண்ணப்பித்தோர் அதற்கென ஒதுக்கிய தொகையை மிஞ்சியிருந்தனர். கடதாசியைப் பார்த்துப் பகிரும் இடத்தில் நிகழ்தகவு என்ன என்று கேட்டல் பொருந்தாது. காரணம் என்ன என்றே கேட்டல் வேண்டும். ஆயினும் கண்டியில் கடவுச்சீட்டுப் பெற்றுத் தலைமன்னார் நோக்கிப் புகைவண்டி ஏறியோர் பலர், ‘தலையெழுத்து’ என்னும் ஒரு சொல்லிலேயே ஆறுதல் தேடினர். அச்சொல் அவர்களைத் தேற்றியது. பகிர்ந்தவரையும் வினாவினின்று காத்தது.

2003ஆம் ஆண்டுச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமைக்கு வழி செய்தது. பிறப்பு மாறவில்லை, லயமும் மாறவில்லை. புள்ளிகள் மட்டும் மாற்றி எழுதப்பட்டன. அதற்குள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறிப் பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டோர் அக்கணக்கில் இடம்பெறவில்லை.