கதவைத் தட்டும் தூரம்

ஒருவர் வரைந்து கொடுத்த ஒன்றை, அவர் முகமறியாத பல்லாயிரம் பேர் நாள்தோறும் கையாளுகிறார்கள். அவ்வரைவில் குறை நேர்ந்தால் துன்புறுவோர் அவர்களே. வரைந்தவரின் செவிக்கு அத்துன்பம் எட்டுவதே இல்லை. அப்படியானால் அவர்களுக்கு இவர் பட்டிருக்கும் கடன் யாது? வரைபவர் ஓரூரில் நிலைத்திராமல் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருப்பவராயின், அக்கடன் கூடுமா, குறையுமா? இக்கேள்வியை நம்முன் கொணர்ந்து நிறுத்தியது புதிய தொழில் ஒன்று. விடையின் பெரும்பகுதியோ நாம் வாழும் சின்ன காஞ்சிபுரத்தின் பழைய தறித்தெருக்களிலேயே கிடக்கிறதென்பது நம் எண்ணம்.

தொழிலின் பெயர் புதிது. வேலையை விளங்கிக்கொள்வது கடினமன்று. கைபேசியிலும் கணினியிலும் நாம் தொடும் திரை எவ்வாறிருக்க வேண்டும், எந்தப் பொத்தான் எங்கே நிற்க வேண்டும், பிழை நேர்ந்தால் அதனை எந்தச் சொல்லால் அறிவிக்க வேண்டும், முதியவர் ஒருவர் தடுமாறாமல் கடைசிப் படிவரை வந்து சேர்வாரா என்பவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்து வரைந்து கொடுப்பவரே பயனர் அனுபவ வடிவமைப்பாளர். 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்த டொனால்ட் நார்மன் என்னும் அறிஞர் தம் பதவிப் பெயரிலேயே 'பயனர் அனுபவம்' என்ற தொடரைச் சேர்த்துக்கொண்டார். பின்னர் அது உலக வழக்காயிற்று. 2020இன் பெருந்தொற்று அலுவலகங்களைப் பூட்டியது. வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலையை எங்கிருந்துதான் செய்யலாகாது என்ற எண்ணம் பரவிற்று. அவ்வாண்டே எஸ்தோனியா நாடு இத்தகைய நாடோடிப் பணியாளருக்கெனத் தனி விசா வழங்கியது. ஐக்கிய அரபு அமீரகம் 2021இலும், மலேசியா 2022இலும் அவ்வழியில் கதவு திறந்தன.

நம்மிடம் அரபு இலக்கணம் பயின்ற மாணவர் ஒருவர் இத்தொழிலில் இருக்கிறார். ஒரு மாதம் கொச்சியில், மறுமாதம் லடாக்கில், அதன்பின் பினாங்கில். கூலி தருபவர் ஒரு கண்டத்தில், வரைபவர் இன்னொரு கண்டத்தில், பயன்படுத்துவோர் மூன்றாவதில். பணம் செலுத்தும் பக்கம் ஒன்றை அவர் வரைந்து கொடுத்திருந்தார். கண்பார்வை மங்கிய முதியோர் பலரால் அதன் மூன்றாம் படியைத் தாண்ட இயலவில்லையென்பது, ஓராண்டு கழித்து, வேறெதையோ பேசும்போது தற்செயலாக அவர் காதில் விழுந்தது. "உஸ்தாத், அந்த ஓராண்டு யார் கணக்கில்?" என்று எழுதிக் கேட்டார். வேண்டுமென்றே வஞ்சிப்பவரைப் பற்றிய கேள்வியன்று இது. பயனரை மயக்கிப் பணம் பறிக்கும் திரைத் தந்திரங்களில் 13 வகைகளைப் பெயர் சுட்டி, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. வஞ்சகத்துக்குச் சட்டம் உண்டு. நல்லெண்ணத்தோடு வரைந்தவன் அறியாமல் செய்த தீங்குக்கு என்ன உண்டு என்பதே கேள்வி.

இனித் தறித்தெருவுக்கு வருவோம். காஞ்சிப் பட்டு என்றதும் நெய்பவரைத்தான் உலகம் நினைக்கிறது. ஆனால் மயில்கண்ணும், ருத்ராட்சமும், அன்னப்பட்சியும், யாளியும் தறியில் தாமே பூப்பதில்லை. அவற்றைக் கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக எழுதுபவர் ஒருவர். அத்தாளைப் பார்த்து அட்டைகளில் துளையிடுபவர் ஒருவர். அவ்வட்டைகளைச் சரமாகக் கோத்து ஜக்கார்டுப் பெட்டியில் மாட்டி நெய்பவர் மற்றொருவர். துளை இருக்குமிடத்தில் பாவு நூல் எழும், இல்லாவிடத்தில் எழாது. ஜக்கார்டு வருமுன் இதே வேலையை 'அடை' என்னும் நூற்கட்டு முறையில் செய்தார்கள். பாவையும் ஊடையையும் பற்றி எண்ணி எழுதுபவர் ஒருவர், எழுதியபடி உடலால் உழைப்பவர் ஒருவர் என்ற பிரிவினை அப்போதே உண்டு.

இங்கே ஒரு சிறு விலகல். 1804இல் இப்பொறியை நிறைவு செய்த ஜக்கார்டு, பிரான்சின் லியோன் நகரத்து நெசவாளர் ஒருவரின் மகன். அவருடைய உருவத்தையே 1839இல் அந்நகரத்தார் பட்டில் நெய்தபோது 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அப்படத்தின் படியொன்றைத் தம் இல்லத்தில் வைத்திருந்த ஆங்கில அறிஞர் சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்கும் துளையட்டைகளையே தேர்ந்தார். ஆக, இன்று திரை வரையும் இளைஞர் அறிந்தோ அறியாமலோ நம் தெருவின் அட்டை வெட்டுபவருக்கு உறவினர்.

அட்டையில் ஒரு துளை இடம் மாறினால் யாளியின் கால் முறியும். நெய்பவர் அதனைக் கண்டு நிறுத்துவதற்குள் சில விரற்கடை ஓடியிருக்கும். பட்டும் ஜரிகையும் விலையுயர்ந்தவை; புடவையில் குறை தென்பட்டால் கூலியில் பிடிப்பது தறித்தொழிலில் தெரிந்த வழக்கம். பிழை துளையிட்டவருடையது, இழப்பு நெய்பவருடையது. ஆனால் பழைய ஏற்பாட்டில் ஒரு காப்பு இருந்தது. வரைபவரும் வெட்டுபவரும் இரண்டு மூன்று தெரு தள்ளித்தான் குடியிருந்தார்கள். நெசவாளர் அட்டைச் சரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே போய்க் கதவைத் தட்டினார். திண்ணையில் நின்று நாலு பேர் கேட்கப் பேசினார். மறுநாள் சந்தையில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியிருந்தது. எழுத்தில் இல்லாத அந்த நாணம், எழுதப்பட்ட பல ஒப்பந்தங்களை விட நன்றாக வேலை செய்தது. நம் மாணவரின் முதியவர்களுக்குத் தட்டுவதற்குக் கதவில்லை. ஓராண்டு வீணானதன் காரணம் அதுவே.

அப்படியானால் அருகில் இருந்தாலே போதுமோ என்றால், இல்லை. இதனை நம் ஊர்ப் பெருமை பேசுவோர் பொறுமையுடன் கேட்க வேண்டும். காஞ்சிப் புடவையின் சிறப்பே கோர்வை. உடலை ஒரு நிறத்திலும் இருபுறக் கரைகளை வேறு நிறத்திலும் தனித்தனி ஊடை கொண்டு நெய்து, சேருமிடத்தில் நூலோடு நூலைப் பின்னிப் பிணைப்பது அது. அதற்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒருவர் கையால் ஆகாது, பக்கத்தில் ஒருவர் அமர்ந்து நாடாவை வாங்கித் திருப்பித் தர வேண்டும். அந்த இரண்டாம் ஆள் யார்? நெடுங்காலம், பல தறிகளில், அது ஒரு குழந்தை. குழித்தறியின் ஓரத்தில், பள்ளிக்குப் போக வேண்டிய வயதில், தந்தை வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக. பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட சிறார் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அதன் முன்னும் பின்னும் எழுந்த கண்டனங்களாலும், சட்ட நடவடிக்கைகளாலும், பள்ளிகளாலும் நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. ஆயினும் கேள்வி நிற்கிறது: கரை வரைந்தவர், பட்டு கொடுத்தவர், புடவை வாங்க வந்தவர் யாவரும் அக்குழந்தையைத் தாண்டித்தானே வாசற்படி ஏறினார்கள்? 'இந்தக் கரைக்கு இரண்டு கைகள் கூடுதலாக வேண்டுமே, அவை எவருடையவை' என்று தாளில் புள்ளி வைக்கும்போது எத்தனை பேர் நினைத்தார்கள்? அடுத்த வீட்டில் இருந்தும் காணாதவர் உண்டு. கதவு அருகிலிருந்தது, தட்டும் உயரம் அக்குழந்தைக்கு இல்லை.

ஆகவே பயணத்தின் மேல் பழிபோட நாம் ஆயத்தமாக இல்லை. அரபியில் பயணத்துக்கு 'ஸபர்' என்று பெயர். அதன் வேர்ச்சொல்லுக்குத் திரை விலக்குதல், வெளிப்படுத்தல் என்ற பொருளும் உண்டு. மனிதரின் இயல்பை வெளிப்படுத்துவதால் பயணத்துக்கு அப்பெயர் வந்ததென மொழியறிஞர் விளக்குவர். எதனைக் காணப் புறப்படுகிறோம் என்பதைப் பொறுத்தே திரை விலகும். மலையும் கடலும் காண்பதற்காக ஊர் மாறுகிறவர், தம் வரைவைத் தொடும் கையை எவ்வூரிலும் காண்பதில்லை. அவர் பன்னிரண்டு நாடுகள் சென்றாலும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தவரே. கைகளைக் காணப் புறப்பட்டவரும் உண்டு. அமெரிக்க வடிவமைப்பாளர் சார்லஸ் ஈம்ஸும் அவர் மனைவி ரே ஈம்ஸும் இந்திய அரசின் அழைப்பில் இந்நாட்டைச் சுற்றி வந்து, 1958இல் ஓர் அறிக்கை தந்தார்கள். அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியதற்கு அது தூண்டுகோல். தாம் கண்ட பொருள்களில் அவர்கள் உயர்த்திப் போற்றியது எதை? அரண்மனையையோ சிற்பத்தையோ அன்று, தண்ணீர்ச் செம்பை. இடுப்பில் தாங்கும்போது, தலையில் ஏற்றும்போது, சாய்த்து ஊற்றும்போது அதன் எடை எங்கே நிற்கிறது, கழுத்து விரலுக்கு எப்படி அமைகிறது என்றெல்லாம் எண்ணிப் பார்த்தார்கள். அதனை எவர் ஒருவரும் வரையவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய கைகளே திருத்தின. நம் இல்லங்களில் இருந்த கிண்டியும் அவ்வாறே. தமிழோசைகளுக்கு அரபி எழுத்து போதாமல் புள்ளிகள் கூட்டி அரபுத் தமிழ் எழுத்தை அமைத்தோரும், அதில் தாமே எழுதித் தாமே படித்துத் திருத்தியவர்கள்.

இன்னொன்று நம் காலத்தது. தெலங்கானத்தின் போச்சம்பள்ளிப் புடவைக்குச் சாயக்கட்டுக்கு முன் நூலை ஆணிகளின்மேல் மாற்றி மாற்றிச் சுற்றும் 'ஆசு' என்ற வேலை உண்டு. ஒரு புடவைக்குக் கை ஏறத்தாழ 9,000 முறை போய்வர வேண்டும். நெசவாளர் குடும்பத்துச் சிந்தகிந்தி மல்லேசம், தம் தாயார் தோள்வலியால் துன்புற்றதைக் கண்டு பல ஆண்டுகள் முயன்று, 1999இல் அதற்கொரு பொறி செய்து முடித்தார். 2017இல் பத்மஸ்ரீ பெற்றார். முறையான பொறியியற் கல்வி அவருக்கில்லை. ஆனால் தவறான ஒவ்வொரு முயற்சியும் அன்று மாலையே தாயின் தோளில் தெரிந்துவிடும். இதனைத் தாய்ப்பாசம் என்று மட்டும் சொல்லி நகர்வது எளிது. பிழையின் செய்தி வரைந்தவனை உடனே அடைந்தது என்பதே நமக்கு முக்கியம்.

முஸாபிருக்குத் தொழுகையைச் சுருக்கிக்கொள்ள நம் மார்க்கம் சலுகை தருகிறது. பிறர் கையிலிருந்து பெற்ற அமானிதத்துக்கும் கடனுக்கும் அத்தகைய சலுகையைப் பயணம் தருவதில்லை. மாணவருக்கு நாம் எழுதியது இவ்வளவே: நீர் ஊர் ஊராய்ப் போவதில் குற்றமில்லை, உம் கதவை உடன் எடுத்துச் செல்லும். திரையின் அடியில், மனிதர் ஒருவர் எடுத்துப் பேசும் தொலைபேசி எண் இருக்கட்டும். அங்கே வரும் புகார்களை வாரம் ஒருமுறை நீரே, உம் காதால் கேளும். பிறர் சுருக்கித் தரும் அட்டவணையில் அழுகுரல் இராது. போகும் ஊர்களில் கடற்கரையில் ஒரு நாள் குறைத்து, வங்கி வரிசையிலோ நியாயவிலைக் கடையிலோ ஒரு காலைப்பொழுது நின்று பாரும்.

நியாயவிலைக் கடையைச் சொன்னது காரணத்தோடுதான். 2020இல் தமிழகத்துக் கடைகளில் விரல்ரேகைக் கருவி வந்தது. ஆயுள் முழுதும் உழைத்துத் தேய்ந்த விரல்களைக் கருவி அறிந்துகொள்ளத் தவறுவதுண்டு. மூதாட்டி ஒருவர் விரலைத் துடைத்து, மறுபடி வைத்து, வேறு விரல் வைத்து, பின்னால் நிற்பவர்களின் முணுமுணுப்புக்குக் கூசி ஒதுங்கி நிற்பதைக் கண்டவர்கள் நம்மில் பலர். மாற்று வழி உண்டு. ஆனால் அதனை அம்மூதாட்டிக்குச் சொல்லும் சொல் அச்சிறு திரையில் இருக்கிறதா, தமிழில் இருக்கிறதா, இருந்தால் முழுமையாகத் தெரிகிறதா? ஆங்கிலத்தின் குறுஞ்சொல்லுக்கு அளந்த பொத்தானில் நம் நீண்ட தமிழ்ச்சொல் பாதியில் வெட்டுண்டு நிற்பதை எத்தனை திரைகளில் காண்கிறோம்! அரபியும் உருதும் வலமிருந்து இடம் ஓடுபவை; முன்செல்லும் அம்புக்குறியைத் திருப்பாமல் விட்டுவிட்டால் அம்மொழியினருக்கு அது பின்செல்லும் குறி. சோம்பலால் நேர்பவை இவை. ஒருநாள் உடனிருந்து பார்த்தால் தீர்பவை.

நம் தெருவிலும் காலம் மாறிவிட்டது. கட்டத்தாளின் வேலையைக் கணினி செய்கிறது. வரைவு சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ நெசவாளரின் கைபேசிக்குப் படமாக வந்து சேர்கிறது. இந்தக் கரையை இந்த எண்ணிக்கை நூலில் கொண்டுவர முடியாது என்று அவரும் குரல்பதிவு அனுப்புகிறார். சிலருக்கு விடை வருகிறது. ஆனால் அட்டையின் பிழையால் கெட்ட புடவையின் பிடித்தம் இன்னும் நெய்தவர் கூலியில்தான். அதில் பாதியையாவது வரைந்தவர் கூலியிலிருந்து பிடிப்பதென்று ஒரு கூட்டுறவுச் சங்கமேனும் தீர்மானிக்கட்டும். திரை வரைவோர் தம் ஒப்பந்தங்களில் இதே விதியைத் தாமாக எழுதிக்கொள்வாரா என்று அதன்பின் கேட்கலாம்.