அழிக்க முடியாத கோடு

தேயிலைப் பெட்டிகளிலும் உல்லாசப் பயண விளம்பரங்களிலும் வரும் கொழுந்து பறிக்கும் பெண்ணை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கறைபடாத விரல், கலையாத சேலை, மாறாத சிரிப்பு. பசறையிலோ நமுனுகுலையிலோ மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் நம் தாயை அந்தப் படத்தில் காண முடிகிறதா? கூடைக் கயிறு அழுத்திய தலை, வளைந்த முதுகு, கறையேறி வெடித்த விரல்கள். குறையில்லாததே அழகு என்றால், அவள் அழகில்லாதவளா?

இக்கேள்விக்கு விடை தேடச் சிறிய மைச்சித்திரம் ஒன்றைப் பார்ப்போம்.

கார்மேல் சபைத் துறவியான புனித சிலுவை அருளப்பர் 1572 முதல் 1577 வரை ஸ்பெயினின் ஆவிலா நகரில் ஒரு கன்னியர் மடத்தின் ஆன்ம குருவாக இருந்தார். செபத்தில் தாம் கண்ட காட்சியை அந்நாட்களில் ஒரு துண்டுத் தாளில் மையால் வரைந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் அத்தாள் இன்றும் ஆவிலாவில் காக்கப்படுகிறது. சிலுவையில் தொங்கும் ஆண்டவரை மேலிருந்து பார்ப்பதுபோன்ற சித்திரம் அது. உடல் முன்னே சரிகிறது, தலை கவிழ்கிறது, பாரம் கைகளை இழுக்கிறது. அங்க அளவு சரியில்லை என்று ஒரு சித்திர ஆசிரியர் புள்ளி குறைக்கக்கூடும். ஆனால் ஓர் உடலின் பாரம் என்னவென்று அக்கோடுகள் அறிந்திருக்கின்றன.

அதனால் தூண்டப்பட்டு 1951இல் சல்வதோர் டாலி பெரிய வர்ண ஓவியம் ஒன்றைத் தீட்டினார். அதில் ஆணி இல்லை, முள்முடி இல்லை, இரத்தம் இல்லை. கட்டான, குறையற்ற மேனி. பெரும் ஓவியந்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும் நாளெல்லாம் மலைச்சரிவில் நின்று முதுகு நோகும் ஒரு தாய், தன் ஆண்டவரை எந்தப் படத்தில் அடையாளம் கண்டுகொள்வாள்?

பென்சில் கோட்டை ரப்பரால் அழிக்கலாம். மைக்கோடு அப்படியல்ல, கை நடுங்கினால் நடுக்கமும் தாளில் நிற்கும். தவறிய கோட்டின் அருகே இன்னொரு கோட்டை இடலாம், அவ்வளவே. காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி 1969இல் தமிழ்நாட்டு ஓவியர் ஆதிமூலம் வரைந்த மைக்கோட்டுச் சித்திரங்களைப் பாருங்கள். மெருகில்லாத கோடுகளிலேயே அம்முதியவர் உயிரோடு நிற்கிறார். நம் வாழ்வும் இப்படித்தான். இராயப்பர் மும்முறை மறுதலித்ததைச் சுவிசேஷம் அழித்துவிடவில்லை. அதனருகே மும்முறை அன்பை அறிக்கையிட்டதையும் எழுதி வைத்தது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். குறையிலும் அழகுண்டு என்று சொல்லி அநீதியைப் போற்றிவிடக் கூடாது. வளைந்த முதுகைப் படம்பிடித்து வியப்பவர் பலர். அதன் சுமையைக் குறைக்கக் கை நீட்டுபவர் சிலரே. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவராக்கியது. 2014 அக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது; அபாயம் முன்பே எச்சரிக்கப்பட்டும் மக்கள் அங்கேயே வாழ நேர்ந்தது. இவற்றில் ரசிக்க ஒன்றுமில்லை. இவை மனிதர் செய்த குறைகள். மனிதரே திருத்த வேண்டியவை.

உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களை மறைக்காமல் தோமையாருக்குக் காட்டினார். காயங்கள் மகிமை பெற்றன. ஆணி அடித்த செயலோ பாவமாகவே நின்றது. இந்த வேறுபாட்டை நாம் மறக்கலாகாது.

ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளை ஒருநாள் தாளும் பேனாவும் எடுத்து ஆச்சியை வரைய உட்கார்ந்தால், அவளுடைய முதுகை நிமிர்த்தி வரையச் சொல்லாதீர்கள். உள்ளபடி வரையட்டும், அதில் அன்பும் உண்மையும் இருக்கும். வரைந்து முடித்தபின், ஆச்சி தூக்கிவரும் தண்ணீர்க் குடத்தைப் போய் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.